‘இருக்கலாம்’ இல்லாத தாள்

ரைலி ஹுத்துனென் முப்பத்தொரு வருடம் மற்றவர்களுடைய மாடுகளைக் கறந்தாள். அவளுக்கென்று ஒரு மாடு இருந்ததில்லை. பண்ணைக்காரர் விடுமுறை எடுத்தால், காய்ச்சலில் படுத்தால், முதுகு பிடித்துக்கொண்டால், அவருடைய தொழுவத்துக்குப் போய் அவருடைய வேலையைச் செய்ய வேண்டும். செத்துப்போனாலும் அப்படித்தான். ஆள் இல்லாவிட்டாலும் மடி நிரம்பும். இந்த வேலை செய்கிறவர்களுக்கு மாற்றாள் என்று பெயர். நானும் மாற்றாள்தான். வடக்கு சவோ மாவட்டத்தில் ரைலியின் பண்ணைச் சுற்றுக்கு அடுத்த சுற்று என்னுடையது. ஒருவருக்கு முடியாதபோது இன்னொருவர் போவோம். அவளைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான்.

அவள் உயரமில்லை. தோள் அகலம். அவளுடைய அப்பாவிடம் ஒன்பது மாடுகள் இருந்தன. அவளுக்கு இருபது வயதானபோது விற்றுவிட்டார்கள். புருஷன் ரெய்யோ மரம் ஏற்றும் லாரி ஓட்டினான். இரண்டு பெண்கள், இருவரும் தெற்கே போய்விட்டார்கள். இவற்றை அவள் கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டாள். மாடுகளைப் பற்றி என்றால் கேட்காமலே சொல்வாள்.

ஒரு வருடத்தில் நாற்பது தொழுவங்களுக்குள் போவோம். வீட்டுக்குள் பெரும்பாலும் போவதில்லை. வீட்டை விருந்தாளிக்காக ஒரு மணி நேரத்தில் ஒழுங்கு செய்துவிடலாம். தொழுவம் அப்படியில்லை. சாணி வாய்க்கால் எத்தனை நாளாக அடைத்திருக்கிறது, மாட்டின் குளம்பு கடைசியாக எப்போது வெட்டப்பட்டது, ஜன்னலில் ஈக்கழிவு எவ்வளவு கனம், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பண்ணைக்காரர் எப்படி இருக்கிறார் என்று அவருடைய பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்டுக்கொடுத்த விதி.

போகிற இடத்தில் எங்களுக்கு வேண்டியது ஒரு தாள். பால் அறைக் கதவில் பண்ணைக்காரர் ஒட்டிவைத்துவிட்டுப் போவார். எந்த மாடு உதைக்கும், எந்த மாட்டுக்கு எந்தத் தீவனம், முக்கியமாக எந்த மாட்டுக்கு மருந்து போட்டிருக்கிறது. மருந்து போட்ட மாட்டின் பால் தொட்டிக்குள் போனால் தொட்டி முழுக்கப் பாழ்.

ஆனால் எங்கள் ஆட்களிடம் நேரான வாக்கியம் வாங்குவது கடினம். சவோக்காரன் வாயைத் திறந்தால் பொறுப்பு கேட்கிறவன் தலையில் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மழை வருமா என்று கேட்டால், “வரலாம், வராமலும் இருக்கலாம்” என்போம். நனைந்துகொண்டே சொல்வோம். கலியாணத்துக்குச் சம்மதமா என்று பாதிரியார் கேட்கும்போதுகூட எங்கள் ஆள் ஒருவன் “இருக்கலாம்” என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. தாளிலும் அதே கதைதான். “மூன்றாவது மாட்டுக்கு மருந்து போட்டிருக்கலாம்.” “வைக்கோல் இருக்கிற இடத்தில் இருக்கும்.” அப்படி ஒரு தாளை நம்பித்தான் தொண்ணூற்றெட்டில் ரைலி ஆயிரத்து எண்ணூறு லிட்டர் பாலைச் சாக்கடையில் திறந்துவிட வேண்டிவந்தது. வால்வைத் திறந்துவிட்டு, கடைசிச் சொட்டு போகும்வரை பக்கத்திலேயே நின்றாளாம்.

அதற்குப் பிறகு எல்லாப் பண்ணைக்காரர்களையும் பிடித்துத் திட்ட ஆரம்பித்தாள்.

“என்ன பண்ணையாரே, இது தாளா, ஜோசியமா?” என்று கேட்பாள். “‘இருக்கலாம்’ங்கிற வார்த்தையை இன்னொரு தடவை எழுதுனீங்கன்னா, நான் கறக்கலாம், கறக்காமலும் போகலாம்.”

அவர்கள் சிரிப்பார்கள். அடுத்த முறையும் அதேபோல்தான் எழுதுவார்கள்.

ஏலிஸ் மட்டும் அப்படி எழுதவில்லை.

ஏலிஸ் கும்புலைனென் இருபத்திரண்டு மாடு வைத்திருந்தார். எங்கள் ஊர் ஏரிக்கு மேற்கே. மனைவி எய்லா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். இரண்டாயிரத்து நாலு, மார்ச். முதுகு வலி என்று ஒரு வாரம் மாற்றாள் கேட்டிருந்தார். ரைலி காலை ஐந்தரைக்குப் போனாள். பால் அறைக் கதவில் தாள் இருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், நான்கு மூலையிலும் பிசின் நாடா. மாடு வரிசைப்படி இருபத்திரண்டு வரிகள். ஒவ்வொன்றுக்கும் தீவனம், மடி, சினை தேதி. மருந்து போட்ட மாட்டின் பெயருக்கு அடியில் இரண்டு கோடு. கால்நடை டாக்டர் எண். தீவனக்காரர் எண். தண்ணீர்க் குழாய் உறைந்தால் எந்த இடத்தில் சூடு காட்ட வேண்டும் என்பதுகூட இருந்தது. ‘இருக்கலாம்’ ஓர் இடத்திலும் இல்லை.

ரைலிக்குச் சந்தோஷமாக இருந்தது. போன முறைதான் அவரை நிற்கவைத்துத் திட்டியிருந்தாள். மனிதர் காதில் வாங்கியிருக்கிறார் என்று நினைத்தாள். பதினோரு மணிக்கு எய்லாவைப் பள்ளிக்கூடத்தில் போனில் கூப்பிட்டாள்.

“உன் வீட்டுக்காரர் தாளைப் பாத்தியா எய்லா? சட்டம் போட்டு மாட்டலாம். என் பதினெட்டு வருஷத்துல இப்படி ஒரு தாள் பாத்ததில்ல.”

“அவரா? கடைக்குச் சீட்டு எழுதச் சொன்னாலே ரெண்டு வார்த்தைதான் எழுதுவாரு.”

“இதுல ரெண்டு பக்கம் எழுதியிருக்காரு.”

“உனக்கு பயந்துட்டாரு போல,” என்றாள் எய்லா. இருவரும் சிரித்தார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு அவரைக் காட்டுக் குடிசையில் கண்டெடுத்தார்கள். காலை ரைலி கறக்கத் தொடங்குவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது என்றார்கள்.

சாயங்காலக் கறவைக்கும் ரைலிதான் போனாள். தாளைப் பார்த்துத்தான் கறந்தாள், ஏனென்றால் அது சரியாக இருந்தது. அதன்பிறகு பதினேழு நாள், மாடுகள் விற்றுப்போகும்வரை, அதே தாளைப் பார்த்துக் கறந்தாள். ஒரு தவறும் வரவில்லை. அடக்கம் முடிந்து கொடுக்கும் துக்கக் காப்பியில் எய்லா அவளுக்கு ஏலக்காய் ரொட்டியை நகர்த்தி வைத்தாள். பாலைக் கேட்டாள். ரைலி பாலை எடுத்துக் கொடுத்தாள். தாளைப் பற்றி இருவரும் பேசவில்லை. பிறகு எப்போதும் பேசவில்லை.

ரைலி மாறிவிட்டாள் என்று சொன்னால் அது சரியாக இருக்காது. அவள் காலை ஐந்தரைக்குப் போனாள், சாயங்காலம் ஐந்துக்குப் போனாள், கறந்தாள், கழுவினாள். பண்ணைக்காரர்களைத் திட்டுவதை மட்டும் நிறுத்தினாள். ‘போட்டிருக்கலாம்’ என்று தாளில் இருந்தால், ஒன்றும் சொல்லாமல் அந்த மாட்டின் பாலைத் தனி வாளியில் கறந்து வடிகாலில் ஊற்றினாள். அலுவலகத்தில் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மிர்வா ஒருமுறை அவளிடம், யாரிடமாவது போய்ப் பேசேன் என்றாள்.

“என்னத்த பேச? எனக்கு ஒண்ணும் தோணலையே மிர்வா.”

“அதைத்தான் பேசணும்.”

“ஒண்ணும் தோணலைன்னு எவ்வளவு நேரம் பேசுறது?” என்றாள் ரைலி.

ஐந்து வருடம் கழித்து எங்கள் எல்லோரையும் ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். தீயணைப்பு நிலையத்து மாடியில் நாற்பது நாற்காலி. கூவோபியோ நகரத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரி வந்திருந்தாள், சின்னப் பெண், சளி பிடித்திருந்தது. சுவரில் படம் காட்டினாள். தொழில்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. தற்கொலை செய்துகொண்டவர்கள் எந்தத் தொழிலில் எத்தனை பேர் என்று. ஆசிரியர்களின் பட்டை குட்டை. பண்ணைக்காரர்களின் பட்டை ஜன்னல் திரைவரை போயிருந்தது.

தொழில்தான் கொல்கிறது என்று அவள் சொல்லவில்லை. கவனமாகத்தான் பேசினாள். சில தொழில்களில் வயதான, தனியாக வாழும் ஆண்கள் அதிகம் என்றாள். சில வேலைகளுக்குப் பூட்டிவிட்டுப் போகக் கதவு கிடையாது என்றாள். வேலையும் வீடும் ஒரே முற்றத்தில் இருந்தால், வேலையில் தோற்றவன் போய் உட்கார வேறு இடம் இல்லை. எது எதற்குக் காரணம் என்று பட்டை சொல்லாது, எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும் என்றாள்.

கடைசி வரிசையிலிருந்து ஹெய்மோ கை தூக்கினான். அவன் எங்களில் மூத்தவன், வாய் சும்மா இருக்காது.

“ஏம்மா, எங்களைக் காணமே? மாற்றாளுங்க எந்தப் பட்டை?”

அவள் காகிதத்தைப் புரட்டினாள். “நீங்க... ‘பிற பணிகள்’ல வருவீங்க.”

“பாத்தியா! செத்தாலும் பிற பணிகள்தானா?”

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்து, இருமினாள். ரைலி சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

“அந்தப் பட்டைல ரெண்டாயிரத்து நாலும் உண்டா?”

“உண்டு. ரெண்டாயிரத்து ஏழு வரைக்கும் எடுத்திருக்கோம்.”

“அப்போ எங்க ஊர் ஏலிஸும் அதுக்குள்ள இருக்காரு.”

“இருப்பாரு,” என்றாள் அவள் தயங்கி.

ரைலி பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பட்டையில் எந்த இடத்தில் என்று கேட்க நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள். “கேட்டா பைத்தியம்னு நினைப்பா. அதான் கேக்கல.”

மத்தியானம் அந்தப் பெண் ஒன்று சொன்னாள். சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள், சாக நினைக்கிறாயா என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள், கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது என்றாள். ஹெய்மோ மறுபடி கை தூக்கினான்.

“எங்க ஊர்ல நேரா ஒரு கேள்வி கேட்டா, மாடு வாங்க வந்த வியாபாரின்னு கதவைச் சாத்திருவாங்கம்மா.”

“அப்போ சுத்தி வளைச்சுக் கேளுங்க. ஆனா கடைசில நேரா வந்துடுங்க,” என்றாள். நன்றாகச் சொன்னாள் என்று எனக்குப் பட்டது. நான் எழுதிக்கொள்ளவில்லை. ரைலி எழுதிக்கொண்டாள்.

இரண்டாயிரத்துப் பதினாறு நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மிர்வா ரைலியைப் போனில் கூப்பிட்டாள்.

“உக்காந்திருக்கியா?”

“மாட்டுக்குக் கீழ உக்காந்திருக்கேன். சொல்லு.”

“கலெர்வோ நிஸ்கனென் லீவு கேட்டிருக்கான்.”

“எந்தக் கலெர்வோ? தொழுவத்தை விட்டு வாசலுக்கே வரமாட்டானே, அவனா?”

“அவனேதான். வெள்ளி சாயங்காலத்துலேர்ந்து ஞாயிறு வரைக்கும். பதினொரு வருஷத்துல முதல் லீவு.”

“பொண்ணு பாக்கவா?”

“ஊலுவுல அக்கா வீட்டுக்காம்.”

“அக்காகூடப் பேச்சே கிடையாதே அவனுக்கு.”

“இப்போ பேசலாம். பேசாமலும் இருக்கலாம். எனக்கென்ன தெரியும்? நீ போறியா?”

ரைலி போவதாகச் சொன்னாள். கலெர்வோவுக்கு ஐம்பத்துநாலு வயது. தனி ஆள், முப்பத்தொரு மாடு. விலா எலும்பு முறிந்தபோது ஒருமுறை, நிமோனியாவில் ஒருமுறை, ரைலி அவனுக்காகக் கறந்திருக்கிறாள். இரண்டு முறையும் தாள் என்று அவன் வைத்தது தீவனச் சாக்கிலிருந்து கிழித்த ஒரு துண்டு. “ஓமெனா உதைக்கலாம். மற்றது உனக்குத் தெரியும்.” அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் போனபோது இருட்டிவிட்டது. முற்றத்தில் கலெர்வோவின் கார் இல்லை. தொழுவ விளக்கு எரிந்தது. உள்ளே போனவுடன் சுண்ணாம்பு வாடை. சுவர்களுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தான். சுண்ணாம்பு கோடையில், மாடுகள் வெளியே இருக்கும்போது அடிப்பது. நவம்பரில், மாடுகள் கட்டியிருக்கும்போது, ஒவ்வொரு மாடாக நகர்த்தி அடித்திருக்கிறான். ஜன்னல் கண்ணாடிகள் கழுவியிருந்தன. பால் அறையில் ஹல்லி என்ற நாய் புதுப் போர்வைமேல் படுத்திருந்தது. வாலை மட்டும் ஆட்டியது.

கதவில் தாள். பிளாஸ்டிக் உறைக்குள், இரண்டு பக்கம், எண் போட்டு.

அவள் அதைப் படித்தாள். நல்ல தாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததாக அவளே சொன்னாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு முதல் மாட்டிடம் போனாள். காம்பைத் துடைத்து, முதல் பாலைக் கையால் பீய்ச்சிப் பார்த்து, கறவைக் குழாய்களைப் பொருத்தினாள். இரண்டாவது மாடு. மூன்றாவது மாடு. நான்காவது மாட்டுக்குக் குழாய்களைப் பொருத்தியபோது, தாளின் கடைசி வரி ஞாபகத்துக்கு வந்தது. எண் இருபத்தாறு. “ஹல்லிக்குக் காலையில் மட்டும் சாப்பாடு. பக்கத்து ரேசனென் வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். கேட்டாகிவிட்டது.”

மூன்று நாள் விடுமுறைக்கு நாயை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எழுந்து போய்த் தாளை மறுபடி படித்தாள். இம்முறை ஒரே ஒரு வார்த்தையைத் தேடிப் படித்தாள். பில்வி டிசம்பர் ஒன்பதாம் தேதி கன்று போடும். பெண் கன்று என்றால் வைத்துக்கொள்ளத் தகுந்தது. ஓமெனா உதைக்கும், இடது பின்னங்காலால். வைக்கோல் வடக்குப் பரணில், ஏப்ரல் கடைசிவரை வரும். உதைக்கும், போடும், வரும். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தேடினாள். ‘இருக்கலாம்’ இல்லை.

பயமாக இருந்ததா என்று நான் பிறகு கேட்டேன். “இல்ல. கை மட்டும் சில்லுனு ஆச்சு. சுடுதண்ணியில வச்சேன்,” என்றாள்.

கலெர்வோவின் எண்ணுக்குப் போன் செய்தாள். அடித்து ஓய்ந்தது. திரும்பிப் போய் நான்காவது மாட்டின் குழாய்களைக் கழற்றினாள். காலி மடியில் குழாய் இழுக்கக் கூடாது. மறுபடி போன் செய்தாள். எடுக்கவில்லை. ஐந்தாவது மாட்டுக்குப் பொருத்திவிட்டு மூன்றாவது முறை செய்தாள். எடுத்தான்.

“கலெர்வோ, ரைலி பேசுறேன். உன் தாள் புரியல.”

“எது புரியல?” என்றான்.

“எல்லாமே.”

“நீ ரெண்டு தடவை கறந்த தொழுவம்தானே.”

“அப்போ தாளே கிடையாது, புரிஞ்சுது. இப்போ இருபத்தாறு நம்பர் போட்டு வச்சிருக்க. குழம்புது.”

“அப்படியே பாத்து செய். எல்லாம் சரியா எழுதியிருக்கேன்.”

“எழுதியிருக்க. இப்போ எங்க இருக்க?”

“ரோட்டுல.”

“எந்த ரோட்டுல?”

பின்னால் வண்டிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. இன்ஜின் சத்தமும் இல்லை. நேராகக் கேட்க வேண்டும் என்று எழுதிக்கொண்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. வாய் வரவில்லை. அவளுடைய வேலையில் அவள் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தாள். மாட்டைப் பற்றிப் பொய் சொன்னாள்.

“பில்வி கன்னு போடுறா.”

“பில்விக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு.”

“இருக்கலாம். ஆனா பின்னங்கால் முன்னாடி வந்துட்டு இருக்கு. என் தோள் பழைய தோள் இல்ல கலெர்வோ, தனியா இழுக்க முடியாது. டாக்டரு ரெண்டு மணி நேரம் ஆகும்னுட்டாரு.”

“ரேசனெனைக் கூப்பிடு.”

“ரேசனென் கோழி வளக்கிறவன். கன்னை முட்டைன்னு நினைச்சு உடைப்பான்.”

அவன் சிரிக்கவில்லை. நாய் எழுந்து வந்து அவள் பூட்ஸை முகர்ந்தது.

“பில்வி கத்துறாளா?” என்று கேட்டான்.

“கத்தல. உன்னைத்தான் பாத்துட்டு இருக்கா, வாசல் பக்கம்.”

போன் துண்டிக்கப்பட்டது.

ரைலி ஆறாவது மாட்டுக்குப் போனாள். பிறகு ஏழாவது. வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, மாடுகள் காத்திருந்தன. பன்னிரண்டாவது மாடு முடிகிற நேரத்தில் முற்றத்தில் ஒரு காரின் வெளிச்சம் திரும்பியது. போன் பேசி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. ஊலு பாதையில் போயிருந்தால், நாலு மணிக்கு முன்பே கிளம்பியவன் அதற்குள் திரும்பி வந்திருக்க முடியாது. அவள் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

கலெர்வோ கோட்டோடு உள்ளே வந்தான். தேவாலயத்துக்குப் போடுகிற சட்டை. நேராக பில்வியிடம் போனான். பில்வி படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் கை வைத்தான். வாலைத் தூக்கிப் பார்த்தான். கையை எடுக்காமலே சொன்னான்:

“இவளுக்கு ஒண்ணுமில்ல.”

“இல்ல.”

“பொய் சொன்ன.”

“ஆமா.”

“மாட்டை வச்சுப் பொய் சொல்லலாமா நீ?”

“சொல்லக் கூடாதுதான்.”

கறவை இயந்திரத்தின் டக்டக் மட்டும் கேட்டது. ரைலி பில்வியின் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். நடுவில் மாட்டின் முதுகு.

“கலெர்வோ,” என்றாள். “சாகப் போனியா?”

அவன் பில்வியின் முதுகில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினான். நெடுநேரம் சுரண்டினான்.

“இருக்கலாம்,” என்றான்.

ரைலி காத்திருந்தாள். பக்கத்து மாடு தண்ணீர்க் கிண்ணத்தை அமுக்கிக் குடித்தது. பிறகு கேட்டாள்:

“இல்லாமலும் இருக்கலாமா?”

அதற்கு அவன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பதின்மூன்றாவது மாடு கறக்காமல் கத்த ஆரம்பித்துவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

“இல்லாமலும்... இருக்கலாம்,” என்றான் கலெர்வோ. அப்புறம், “எத்தனை மிச்சம்?” என்றான்.

“பத்தொம்பது.”

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். இருவரும் கறந்தார்கள். ஓமெனா இடது பின்னங்காலால் உதைத்தது. குழாய்களைக் கழுவி, தொட்டியின் குளிரைச் சரிபார்த்து, விளக்கைக் குறைத்தபின் ரைலி சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தாள். மாவட்ட ஆஸ்பத்திரிக்கு நேராக அழைத்துவரச் சொன்னார்கள். அவளுடைய காரில் போனார்கள். நாற்பது கிலோமீட்டர். பாதி வழியில் அவன் கேட்டான்:

“மடி கழுவுற தண்ணி சூடா வந்துச்சா? அந்தக் குழாய் மக்கர் பண்ணும்.”

“வந்துச்சு.”

“அதை எழுத மறந்துட்டேன்.”

“பரவாயில்ல,” என்றாள் ரைலி.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கணினிமுன் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். பெயர். பிறந்த தேதி. தொழில்.

“மாடு,” என்றான் கலெர்வோ.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு எதையோ அடித்தாள். பிறகு ரைலியிடம் திரும்பினாள். “நீங்க யாரு? சொந்தமா?”

“மாற்றாள்.”

“எதுக்கு மாற்று?”

“இவருக்கு,” என்றாள் ரைலி.

நர்ஸுக்குப் புரியவில்லை. ‘உடன் வந்தவர்’ என்று போட்டுக்கொண்டாள். கலெர்வோ பேசிய விஷயங்கள் என்னவென்று ரைலிக்குத் தெரியாது. அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். இயந்திரத்தில் ஒரு காப்பி வாங்கிக் குடித்தாள். மோசமான காப்பி.

அங்கிருந்துதான் எனக்குப் போன் செய்தாள்.

“காலைல நிஸ்கனென் வீட்டுக் கறவைக்கு நீ போறியா? நான் இங்க இருக்கேன்.”

“போறேன். தாள் இருக்கா?”

“இருக்கு. அதைப் பாத்துக் கறக்காத. கழட்டி வச்சிரு.”

“ஏன், தப்பா எழுதியிருக்கானா?”

“தப்பே இல்ல,” என்றாள். “அதனாலதான்.”

தாளை நான் படிக்காமலே கழற்றி, பால் அறை அலமாரியில் கவிழ்த்து வைத்தேன். எந்த மாட்டுக்கு மருந்து என்று ரைலியிடமே கேட்டுக் கறந்தேன்.

கலெர்வோ ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். நானும் ரைலியும் மாறிமாறிக் கறந்தோம். பில்வி டிசம்பர் பதினொன்றாம் தேதி கன்று போட்டது. காளைக் கன்று. அவன் திரும்பிவந்தபோது மெலிந்திருந்தான். வசந்தத்தில் பாதி மாடுகளை விற்றான். மாதம் இரண்டு முறை ஊருக்குள் போய் ஒருவரிடம் பேசிவிட்டு வருகிறான், ஓய்வு பெறும்வரை அந்த நாட்களில் ரைலிதான் கறக்கப் போனாள். அவன் குணமாகிவிட்டானா என்று கேட்டால் நான் எங்கள் ஊர்ப் பதிலைத்தான் சொல்ல முடியும். அன்று நடந்ததைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை. ஒரே ஒருமுறை அவன், “இன்னும் எந்த மாடாவது கன்னு போடுதா?” என்று கேட்டானாம். “போட்டா கூப்பிடுறேன்,” என்றாளாம் ரைலி.

அடுத்த ஜூலையில் கலெர்வோ நான்கு நாள் விடுமுறை எடுத்தான். இம்முறை உண்மையிலேயே அக்கா வீட்டுக்கு. பால் அறைக் கதவில் தீவனச் சாக்குத் துண்டு ஒன்று செருகியிருந்தது. “ஓமெனா உதைக்கலாம். மூன்றாவது மாட்டுக்கு மருந்து போட்டிருக்கலாம், ஞாபகம் இல்லை.” ரைலி அதைப் படித்தாள். மூன்றாவது மாட்டைத் தனி வாளியில் கறந்தாள். மருந்தே போடவில்லை என்று பிறகு தெரிந்தது. பன்னிரண்டு லிட்டர் நல்ல பால் வடிகாலில் போனது. “மடையன்,” என்றாள் என்னிடம்.

போன வருடம் அவள் ஓய்வு பெற்றாள். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். மிர்வா அவளுடைய சுற்றில் பாதியை எனக்குக் கொடுத்தாள். பண்ணைகளைப் பற்றி எனக்கு ஒரு குறிப்பு எழுதிவைக்கும்படி ரைலியிடம் கேட்டிருந்தேன். எழுதி, நான்காக மடித்து, என் காரின் கண்ணாடித் துடைப்பானில் செருகிவிட்டுப் போயிருந்தாள். பனி பட்டு ஓரம் நனைந்திருந்தது.

காருக்குள் உட்கார்ந்து பிரித்தேன். பண்ணைகளின் பெயரையோ எந்த மாடு உதைக்கும் என்பதையோ நான் முதலில் பார்க்கவில்லை. வேறொன்றைத்தான் தேடினேன். இப்போதெல்லாம் எந்தத் தாளை எடுத்தாலும் அப்படித்தான். அவள் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள், ஒழுங்கானவள், இரண்டு பக்கம் எழுதத் தெரிந்தவள்.

அரைப் பக்கம்தான் இருந்தது. கையெழுத்து மோசம். இரண்டாவது வரியில் இருந்தது: “ரேசனென் வீட்டுப் பாதை குளிர்காலத்தில் அடைத்திருக்கலாம்.” கீழே இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது. கடைசி வரி பாதியில் நின்றிருந்தது, பேனா தீர்ந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் போன் செய்தேன்.

“என்ன, கன்னு போடுதா?” என்றாள்.

“இல்ல. கடைசி வரி புரியல.”

“எனக்கும்தான்,” என்றாள் ரைலி. “காப்பி போட்டிருக்கேன். வரலாம்.”